வீட்டிலேயே பைக்கைப் பராமரிக்கலாம்: முதல்முறை ஸ்பானர் பிடிக்கிறவர்களுக்கு

சர்வீஸ் விட்டு எடுத்த அன்று எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். அடுத்த சர்வீஸ் வரைக்கும் உள்ள மாதங்களில்தான் விஷயம் இருக்கிறது. செயின் தளர்வதும், டயரில் காற்று இறங்குவதும், ஆயில் குறைவதும், பிரேக் தேய்வதும் அந்த இடைப்பட்ட காலத்தில்தான். இவற்றில் எதுவும் ஒரே நாளில் நடப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் ஓட்டுகிறவருக்கே தெரிவதில்லை. பிரேக்கை முன்பைவிடச் சற்று ஆழமாக மிதிக்கக் கால் தானாகவே பழகிவிடுகிறது. செயின் சத்தம் காதுக்குப் பழகிவிடுகிறது.

மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உங்கள் வண்டியை வருடத்தில் சில மணி நேரம்தான் பார்ப்பார். தினமும் அதைத் தொடுகிறவர் நீங்கள். அதனால் பழுது பார்ப்பதைவிட, மாறிவருவதைக் கவனிப்பதுதான் வீட்டுப் பராமரிப்பில் முதல் வேலை. நட்டைக் கழற்றுவதெல்லாம் அப்புறம்.

தொடங்கும் முன்

வண்டியோடு கொடுத்த கையேட்டைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே தருகின்றன. அதிலிருந்து சில எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: முன் டயர், பின் டயர் காற்றழுத்தம் (தனியாகப் போகும்போது எவ்வளவு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு), ஆயிலின் கிரேடு மற்றும் அளவு, செயின் தளர்வு எத்தனை மில்லிமீட்டர், ஸ்பார்க் பிளக்கின் எண் மற்றும் இடைவெளி, ஆக்சில் நட்டையும் (பின் சக்கர அச்சைப் பிடிக்கும் நட்டு) ஆயில் டிரெய்ன் போல்ட்டையும் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எண்களெல்லாம் பொதுவாகச் சிறிய, நடுத்தர வண்டிகளுக்குப் பொருந்துபவை. உங்கள் கையேடு வேறு எண்ணைச் சொன்னால் கையேட்டைத்தான் பின்பற்ற வேண்டும்.

கருவிகள் நிறைய வேண்டாம். 8, 10, 12, 14, 17 மில்லிமீட்டர் ரிங் ஸ்பானர்கள், ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் பெரிய ஸ்பானர் ஒன்று, ஆலன் கீ செட், நல்ல ஸ்க்ரூடிரைவர் இரண்டு, பிளக் ஸ்பானர், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் பழந்துணி. இவற்றில் எதையாவது நல்ல தரத்தில் வாங்குவதாக இருந்தால் ஸ்பானரை வாங்குங்கள். மலிவான ஸ்பானரின் வாய் விரிந்து நட்டின் முனைகளை வழித்துவிடும். அதன் பிறகு அந்த நட்டைக் கழற்றுவதே தனி வேலை. வேலை பழகியதும் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பானர்) ஒன்று வாங்கிக்கொண்டால் இறுக்கும் அளவைப் பற்றி ஊகிக்க வேண்டியிருக்காது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். மூடிய அறையில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளைக் கொல்லும். சைலன்சர் சூடு ஆறிய பிறகு கையை வையுங்கள். தொளதொளவென்ற உடை, மோதிரம், கைக்கயிறு எதுவும் இந்த நேரத்தில் வேண்டாம்.

வாரம் ஒருமுறை, சில நிமிடங்கள்

முதலில் டயர். காற்றழுத்தத்தை வண்டி ஓடாமல் நின்றிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஓடிய டயர் சூடாகி, உள்ளே இருக்கும் காற்று விரிந்து, அழுத்தத்தை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். சூடான டயரில் சரியான அளவு காட்டுகிறது என்று விட்டுவிட்டால், ஆறிய பிறகு அது குறைவாகத்தான் இருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்வது சைக்கிளுக்குச் சரி. இங்கே கேஜ் வேண்டும். ஐந்து பிஎஸ்ஐ குறைந்திருப்பது விரலுக்குத் தெரியாது, வளைவில் சாயும்போது தெரியும்.

காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடாகும், ஓரங்கள் சீக்கிரம் தேயும், மைலேஜ் இறங்கும். அதிகமானால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டு அங்கே தேயும். ஈரச் சாலையில் பிடிப்பும் குறையும். தேய்மானத்தைப் பார்த்தே பழைய பழக்கத்தைச் சொல்லிவிடலாம்.

அப்படியே டயரை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பள்ளங்களுக்குள் சிறு சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், அதுதான் தயாரித்த தேதி. 3222 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். பள்ளம் நன்றாக இருந்தும் பக்கச்சுவரில் வெடிப்பு விழுந்திருந்தால் ரப்பர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை ஓட்ட வேண்டாம். காற்று வாராவாரம் இறங்குகிறதா? வால்வு வாயில் சோப்பு நீர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வு பின்னைத்தான் மாற்ற வேண்டும், டயரை அல்ல. ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் அந்த இடத்திலேயே பிடுங்காதீர்கள். ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டு இருக்கும். பஞ்சர் போடும் வசதி இருக்கும் இடத்தில் எடுத்தால் போதும்.

அடுத்து ஆயில் அளவு. இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இன்னும் சில நிமிடம் பொறுத்து, வண்டியை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது பார்த்தால் அளவு தப்பாகத்தான் தெரியும். கண்ணாடிச் சாளரம் உள்ள வண்டியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் தெரிய வேண்டும். குச்சி உள்ள வண்டியில் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் குச்சியைத் திருகாமல் வாயில் வெறுமனே உட்கார வைத்துத்தான் அளக்க வேண்டும். திருகி அளந்தால் இல்லாத ஆயில் இருப்பதாகத் தெரியும். உங்கள் வண்டிக்கு எந்த முறை என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

விளக்குகள், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் சாவியைத் திருப்பி ஒரு தடவை பார்த்தால் முடிந்தது. பிரேக் விளக்கை மட்டும் முன் பிரேக்குக்குத் தனியாக, பின் பிரேக்குக்குத் தனியாகப் பாருங்கள். இரண்டுக்கும் வேறு வேறு சுவிட்ச். ஒன்று வேலை செய்யாமல் இருந்தாலும் மற்றொன்றால் விளக்கு எரிவதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம்.

செயின்: அதிகம் கைவிடப்படும் பாகம்

வீட்டில் ஒரே ஒரு வேலைதான் செய்வேன் என்று யாராவது சொன்னால் செயினைத்தான் செய்யச் சொல்வேன். இன்ஜினின் சக்தி முழுவதும் பின் சக்கரத்துக்குப் போவது இதன் வழியாகத்தான். மண், மழை, மணல் எல்லாம் படும்படி வெளியே தொங்குவதும் இதுதான். பராமரித்த செயினுக்கும் பராமரிக்காத செயினுக்கும் ஆயுளில் பல ஆயிரம் கிலோமீட்டர் வித்தியாசம் வரும். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் நனைந்து வந்தால் உடனேயும் எண்ணெய் போடுவது நல்ல கணக்கு.

வேலை தொடங்கும் முன் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடித்துத் துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். துணி சிக்கினால் விரலும் சேர்ந்து, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்குள் போகும். விரலை இழந்தவர்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவசரமே வேண்டாம்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கீழே பழைய அட்டை ஒன்றை விரியுங்கள். செயின் கிளீனர் அல்லது மண்ணெண்ணெயை பிரஷில் தொட்டு, கண்ணிக்குக் கண்ணி தேயுங்கள். பெட்ரோல் வேண்டாம். தீப்பிடிக்கும் என்பது ஒன்று. இப்போதைய பல செயின்களில் கண்ணிகளுக்கு நடுவே சிறிய ரப்பர் வளையங்கள் இருக்கும். உள்ளே அடைத்த கிரீஸைக் காப்பது அந்த வளையங்கள்தான், பெட்ரோல் பட்டால் அவை கெட்டுவிடும். கம்பி பிரஷும் அதே காரணத்துக்காக வேண்டாம். அழுக்கு கரைந்து வழிந்ததும் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள்.

எண்ணெயைக் கீழ்ப்பக்கம் ஓடும் செயினின் உட்புறத்தில் விடுங்கள். செயின் சுற்றும்போது எண்ணெய் வெளிப்பக்கம்தான் தள்ளப்படும். உள்ளே விட்டது தானாக வெளியே பரவும், வெளியே விட்டது சக்கரத்தில்தான் தெறிக்கும். செயினுக்கான எண்ணெய் ஸ்பிரே இருந்தால் அது, இல்லையென்றால் கையேடு அனுமதிக்கும் எஸ்ஏஇ 90 கியர் ஆயில். கண்ணியின் இரண்டு ஓரத்துக்கும் போக வேண்டும். அப்புறம் சக்கரத்தைச் சில சுற்று சுற்றி, பதினைந்து இருபது நிமிடம் விட்டு, மேலே தேங்கியதைத் துடைத்து எடுங்கள். மேலே மினுமினுப்பாக நிற்கும் எண்ணெய் புழுதியைத்தான் சேர்க்கும். ஓட்டி வந்து செயின் இளஞ்சூட்டில் இருக்கும்போது, இரவு நிறுத்தும் முன் இதைச் செய்தால் எண்ணெய் ஊறி நிற்க நேரம் கிடைக்கும்.

இனி தளர்வு. இரண்டு ஸ்பிராக்கெட்டுகளுக்கு நடுவே, கீழ்ச் செயினின் மையத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, விரலால் கீழே இழுத்தும் மேலே தள்ளியும் பாருங்கள். மொத்த அசைவு பெரும்பாலான சிறிய வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர். ஓரிடத்தில் மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைக் கால் சுற்று கால் சுற்றாகச் சுற்றி, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அளவை வையுங்கள். தளர்ந்த இடத்தைப் பார்த்துச் சரிசெய்தால், இறுக்கமான இடம் வரும்போது செயின் கம்பியாக விறைத்து பேரிங்கை இழுக்கும்.

சரிசெய்யும் வரிசை இது. ஆக்சில் நட்டில் அது கழலாமல் தடுக்கும் பிளவு பின் இருந்தால் கழற்றிவிட்டு நட்டைத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். சில வண்டிகளில் பக்கத்திலேயே ஸ்லீவ் நட்டும், டிரம் பிரேக் என்றால் பிரேக் பிளேட்டைப் பிடிக்கும் கம்பியின் நட்டும் இருக்கும். அவற்றையும் தளர்த்த வேண்டும். பிறகு இரண்டு பக்க அட்ஜஸ்டர்களின் பூட்டு நட்டுகளைத் தளர்த்தி, இடப்பக்கம் கால் சுற்று என்றால் வலப்பக்கமும் கால் சுற்று என்று மாற்றி மாற்றித் திருகுங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் இரு பக்கமும் கோடுகள் பொறித்திருக்கும். இரண்டிலும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், இல்லையென்றால் சக்கரம் கோணலாக நின்று செயினும் டயரும் ஒரு பக்கமாகத் தேயும். அளவு வந்ததும் ஆக்சில் நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள், பூட்டு நட்டுகளையும் இறுக்குங்கள். இறுக்கிய பிறகு தளர்வைத் திரும்பவும் அளந்து பாருங்கள். நட்டு இறுகும்போது சக்கரம் கொஞ்சம் நகரும், அளவும் மாறும். பிளவு பின் கழற்றியிருந்தால் புதியதைப் போடுங்கள். டிரம் பிரேக் வண்டியில், சக்கரம் பின்னால் போனதால் பிரேக்கும் இறுகியிருக்கும். பிரேக் பெடல் தளர்வைச் சரிசெய்து, சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.

தளர்வா இறுக்கமா என்று சந்தேகம் வந்தால் தளர்வுப் பக்கம் சற்றே சாயலாம். ஆனால் தொங்கும் அளவுக்கு விட்டால் செயின் கழன்று சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, பின் ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில் செயினை விரலால் பின்னோக்கி இழுங்கள். பல்லை விட்டு நகராமல் ஒட்டி நின்றால் நல்லது. பல்லில் பாதி வெளியே தெரியும் அளவுக்கு விலகினால் அதன் காலம் முடிந்தது. பற்களும் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி வடிவத்துக்கு வந்திருக்கும். செயினை மட்டும் மாற்றாமல் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்து செட்டாக மாற்றுங்கள். பழைய பற்கள் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும்.

ஆயில் மாற்றுவது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பயப்படும் வேலை இது. உண்மையில் எளிதுதான், இரண்டு மூன்று இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்.

முதல் கவனம் ஆயிலை வாங்கும்போதே. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் நனைகின்றன. காருக்கான ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். அது கிளட்ச் தட்டுகளை வழுக்கவைத்துவிடும். டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருந்தால் அது ஆயிலில் நனையும் கிளட்சுக்கானது. எம்பி என்று போட்டது கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு. அப்புறம் 10டபிள்யூ30 மாதிரியான எண். முதல் எண் குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது சூட்டில் எவ்வளவு அடர்த்தியாக நிற்கும் என்பதையும் குறிக்கிறது. அடர்த்தி கூடினால் இன்ஜினுக்கு நல்லது என்று நினைத்துக் கையேடு சொன்னதை மாற்ற வேண்டாம்.

இன்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இளஞ்சூட்டில் ஆயில் இளகி அடியிலிருக்கும் கசடோடு வெளியேறும். ஆனால் கொதிக்கும் சூட்டில் கழற்றினால் கை வெந்துவிடும். அடியில் அகலமான பாத்திரம் வைத்து, மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவைத்து, டிரெய்ன் போல்ட்டைத் தளர்த்துங்கள்.

இங்கேதான் இரண்டாவது கவனம். போல்ட்டின் தலை தரையைப் பார்த்து இருக்கும். தலையை நேருக்கு நேர் பார்த்தால் இடப்பக்கம் திருப்பினால் கழலும் என்பது சரி. ஆனால் நீங்கள் மேலிருந்து குனிந்து வேலை செய்கிறீர்கள். அங்கிருந்து பார்க்கும்போது திசை தலைகீழாகிவிடும், கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். கழலவில்லையே என்று பலத்தைக் கூட்டும் முன் கீழே படுத்து போல்ட்டின் முகத்தைப் பார்த்துத் திசையை உறுதிசெய்துகொள்ளுங்கள். இன்ஜினின் அடிப்பாகம் அலுமினியம். தவறான பக்கம் இறுக்கினால் மரை வழிந்துவிடும், அதைச் சரிசெய்யும் செலவு பல ஆயில் மாற்றங்களின் செலவுக்குச் சமம்.

ஆயில் வடியும்போது அதைப் பாருங்கள். கறுப்பாக இருப்பது இயல்பு, கவலை வேண்டாம். கலங்கி வெளுத்திருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. போல்ட்டில் காந்தம் இருந்தால் மாவு போல மெல்லிய சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருக்கும், அதுவும் இயல்புதான். விரலில் உறுத்தும் உலோகத் துண்டுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

சொட்டுவது நின்றதும் ஆயில் ஃபில்டர் இருக்கும் வண்டியில் அதை மாற்றுங்கள். உள்ளே போகும் திசை ஃபில்டரில் குறித்திருக்கும். ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவி உட்கார வையுங்கள். டிரெய்ன் போல்ட்டுக்கு வாஷர் புதிதாகப் போடுங்கள். அந்தச் சிறு வளையம் நசுங்கித்தான் கசிவை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அதே மாதிரி அடைக்காது. போல்ட்டை முதலில் விரலாலேயே திருகி ஏற்றுங்கள். விரலுக்கு மரை சுலபமாக ஏறிய பிறகுதான் ஸ்பானர், அதுவும் கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும்.

கையேட்டில் ஆயில் அளவு ஒன்றுக்கு மேல் இருக்கும்: ஆயில் மட்டும் மாற்றும்போது, ஃபில்டரோடு மாற்றும்போது, இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கும்போது. கடைசி அளவுதான் அதிகம். அதைப் பார்த்து ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. உங்கள் வேலைக்குரிய அளவில் நூறு மில்லி குறைத்து ஊற்றி, மூடியைப் போட்டு, இன்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அணைத்துப் பொறுத்து, அளவு பார்த்து மீதியைச் சேருங்கள். அதிகமாகிவிட்டால் அது இன்ஜினுக்குள் அழுத்தத்தைக் கூட்டி ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயிலைத் தள்ளும், சீல்களிலும் கசியும்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். காலி டப்பாவில் அடைத்து, பழைய ஆயிலைச் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்; பல பட்டறைகள் வாங்கிக்கொள்ளும்.

ஏர் ஃபில்டரும் பிளக்கும்

ஏர் ஃபில்டர் எந்த வகை என்று தெரியாமல் தொட வேண்டாம். பஞ்சு வகை என்றால் மண்ணெண்ணெயிலோ சோப்பு நீரிலோ அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, முழுதாகக் காய்ந்ததும் ஃபில்டர் ஆயிலில் லேசாக நனைத்துப் பிழிந்து போடலாம். காய்ந்த காகித வகையில் தூசியைத் தட்டி, சுத்தமான பக்கத்திலிருந்து மெதுவாகக் காற்றடித்து ஊதலாம். எண்ணெய்ப் பசையோடு வரும் காகித வகையை ஊதவும் கூடாது, கழுவவும் கூடாது. காலம் முடிந்ததும் மாற்ற வேண்டியதுதான். அழுக்காகத் தெரிகிறதே என்று அதைக் கழுவி மாட்டினால் பசை போய், தூசி நேராக இன்ஜினுக்குள் போகும். புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்குக் கையேடு சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பிளக்கை ஆறிய இன்ஜினில்தான் கழற்ற வேண்டும். கழற்றும் முன் அதைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளுங்கள், இல்லையென்றால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். முனை இளம்பழுப்பாக இருந்தால் இன்ஜின் நன்றாக எரிக்கிறது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெளுத்துச் சுட்டதாக இருந்தால் அதிகச் சூடு. இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள், பொதுவாக 0.7 முதல் 0.9 மில்லிமீட்டருக்குள் இருக்கும். திரும்பப் போடும்போது கையாலேயே அடிவரை திருகிவிட்டு, பழைய பிளக் என்றால் சிறிதளவு மட்டும், புது வாஷரோடு வந்த புதுப் பிளக் என்றால் சுமார் அரைச் சுற்று இறுக்கினால் போதும்.

பிரேக்

பிரேக்கில் பார்ப்பது எல்லாருக்கும் உரியது, பிரிப்பது பழகியவர்களுக்கு மட்டும்.

டிரம் பிரேக்கின் வெளிப்புறம் சிறிய அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடிக்கும்போது அந்த அம்பு பிளேட்டில் உள்ள குறியைத் தொட்டால், உள்ளே உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் ஷூ தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் ராடில் உள்ள நட்டை இறுக்கி இறுக்கி ஓட்டுவதில் பயனில்லை. பெடல் பிடிக்கத் தொடங்கும் முன் 20 முதல் 30 மில்லிமீட்டர் சும்மா இறங்க வேண்டும் என்பது பல வண்டிகளுக்கான அளவு.

டிஸ்க் பிரேக்கில் டார்ச் அடித்து, டிஸ்க்கைக் கவ்வும் பேடைப் பாருங்கள். தேய்மானத்தைக் காட்டும் பள்ளம் ஒன்று அதில் இருக்கும். அது மறையும் நிலைக்கு வந்தால் மாற்ற வேண்டும். டிஸ்க்குக்கு இரு பக்கமும் இருக்கும் இரண்டு பேடையும் பாருங்கள், ஒன்று மற்றதைவிட அதிகம் தேய்ந்திருக்கலாம். ஹேண்டில்பாரில் உள்ள சிறு பெட்டியில் பிரேக் ஆயில் குறைந்துவருவதும் பேட் தேய்வதைத்தான் சொல்கிறது: பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது. அதனால் அளவு குறைந்ததும் ஊற்றி நிரப்புவது தீர்வல்ல. முதலில் பேடைப் பாருங்கள். பேட் புதிதாக இருந்தும் குறைந்தால் எங்கோ கசிகிறது, அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கி, நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வரும்போது லீவர் மெத்தென்று உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று பொறித்திருப்பதைப் பார்த்து அதையே பயன்படுத்துங்கள். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், அரித்துவிடும். டிஸ்க்கில் எந்த எண்ணெயும் படக் கூடாது. செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின் டிஸ்க்கைத் துணியால் மூடிவிடுங்கள்.

கிளட்ச், ஆக்சிலரேட்டர், பேட்டரி

கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா அசைய வேண்டும். அசைவே இல்லையென்றால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கித் தேயும். அதிகமானால் கியர் முரண்டு பிடிக்கும். லீவர் பக்கத்திலேயே கையால் திருகும் அட்ஜஸ்டர் இருக்கும். ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டால் பளிச்சென்று திரும்ப வேண்டும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். இன்ஜின் வேகம் கூடினால் கேபிள் எங்கோ இழுக்கிறது என்று அர்த்தம், வளைவில் அது ஆபத்து.

பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகடிவ், மாட்டும்போது கடைசியில் நெகடிவ். பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பானர் தவறி பாடியில் பட்டாலும் பொறி பறக்காமல் இருப்பது இந்த வரிசையால்தான். முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை பிரஷால் எடுத்து, இறுக்கிவிட்டு, பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். மல்டிமீட்டர் இருந்தால், வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும் லெட் ஆசிட் பேட்டரி நன்றாக இருக்கிறது, 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். திறந்து நீர் ஊற்றும் வகையில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். அடைத்த வகையைத் திறக்க முயல வேண்டாம். பல வாரம் ஓட்டாமல் விடப்போகிறீர்கள் என்றால் நெகடிவைக் கழற்றிவைத்துவிட்டுப் போங்கள், டயரில் காற்றும் சரியாக இருக்கட்டும்.

கழுவும்போது சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரை அடிக்காதீர்கள். அழுத்தத்தோடு பீய்ச்சும் நீரை சக்கர மையம், ஹேண்டில் கழுத்து, சுவிட்சுகள், சைலன்சர் வாய் பக்கம் காட்டாதீர்கள். பேரிங்கின் கிரீஸை அது வெளியேற்றிவிடும். கழுவிய பிறகு செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள், மெதுவாக ஓட்டி பிரேக்கை இரண்டு மூன்று தடவை பிடித்து உலர்த்துங்கள்.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

வால்வு இடைவெளி, ஹேண்டில் பேரிங், முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) சீல், பிரேக் ஆயிலைக் காற்றெடுத்து மாற்றுவது, ஃப்யூயல் இன்ஜெக்ஷன், ஏபிஎஸ் சம்பந்தப்பட்ட எதுவும் தொடக்கத்தில் உங்கள் வேலையல்ல. அருகில் தெரிந்தவர் நின்று சொல்லிக்கொடுத்தால் ஒவ்வொன்றாகக் கற்கலாம். ஆனால் கண்டுபிடிப்பது உங்கள் வேலை: வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் தடுக்குகிறதா, ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிகிறதா, சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறதா என்று பாருங்கள்.

ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, போட்ட ஆயிலின் கிரேடு, கவனித்த சத்தம். சத்தம் என்றால் எப்போது வருகிறது என்றும் எழுதுங்கள்: குளிர்ந்த இன்ஜினிலா சூட்டிலா, கிளட்சைப் பிடித்தால் நிற்கிறதா, வண்டி ஓடும்போது மட்டுமா நின்றிருக்கும்போதுமா. வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது அந்தப் பக்கத்தைக் காட்டிப் பேசுங்கள். எதைத் தேட வேண்டும் என்று மெக்கானிக்குத் தெரிந்துவிடும்.